வேதிக் கணக்குகள்: பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



பதினோராம் வகுப்பில் வேதியியலை விரும்பி எடுத்துக்கொண்டு, புதுப் புத்தகத்தின் வாசனை போவதற்குள் முதற்பாடத்திலேயே மோல் என்றும் சமான நிறை என்றும் மோலாரிட்டி என்றும் வரிசையாக வந்து நிற்கும் கணக்குகளைக் கண்டு, ஆடி பிறப்பதற்கு முன்னரே ‘இது நமக்கு வராது’ என்று தீர்மானித்துவிடுகிறவர்கள் உங்களுள் பலர் என்பதை, இப்பாடத்தை நெடுங்காலம் கற்பித்தவன் என்ற முறையில் நான் அறிவேன். அந்தத் தீர்மானம் தவறானது என்பதையும், அதை மாற்றிக்கொள்வதற்கு விசேஷமான மேதை எதுவும் தேவையில்லை, ஒரே ஒரு பழக்கம் போதும் என்பதையும் எடுத்துச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன். பெருக்கவும் வகுக்கவும் தெரிந்த எவரும் செய்யக்கூடிய கணக்குகளே இவை. நீங்கள் தடுக்கி விழும் இடம் எண்ணில் இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய அலகை எழுதாமல் விட்டுவிடுகிறீர்களே, அங்கே இருக்கிறது.

மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று வாங்கி, அதன் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைச் சிரத்தையுடன் படித்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2002-ஆம் ஆண்டு முதல் பரிந்துரைத்து வரும் அளவின்படி, ஒரு லிட்டர் நீருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், நீரற்ற குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், படிகநீருடன் கூடிய டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், ஆக மொத்தம் 20.5 கிராம் அதில் அடங்கியிருக்கும். கிராமாகப் படிக்கும்வரையில் இந்தப் பட்டியல் நமக்கு எதையும் சொல்வதில்லை. உப்பு கொஞ்சம், சர்க்கரை அதைப்போல் ஐந்து மடங்கு என்ற அளவோடு நின்றுவிடுகிறது. இப்பொழுது அதையே மோலுக்கு மாற்றுவோம். குளுக்கோஸின் மோலார் நிறை 180 கிராம், 13.5-ஐ 180-ஆல் வகுத்தால் 0.075 மோல், அதாவது 75 மில்லிமோல். சோடியம் குளோரைடின் மோலார் நிறை 58.5 கிராம், 2.6-ஐ அதனால் வகுத்தால் 44.4 மில்லிமோல் சோடியம் வருகிறது. ஆயினும் சோடியம் அங்கே மட்டும் இல்லை. சிட்ரேட்டின் மோலார் நிறை 294 கிராம், 2.9 கிராமில் 9.86 மில்லிமோல் இருக்கிறது; அதன் ஒவ்வோர் அலகிலும் மூன்று சோடியம் அயனிகள் இருப்பதால், அதிலிருந்து 29.6 மில்லிமோல் கிடைக்கிறது. இரண்டையும் கூட்டினால் 74. அதிகாரபூர்வமான பட்டியலில் அதை 75 என்று எழுதியிருப்பார்கள்.

சோடியம் 75, குளுக்கோஸ் 75! கிராமில் ஒளிந்துகிடந்த சமத்துவம் மோலில் வெளிப்பட்டுவிட்டது. இது தற்செயலாக நேர்ந்ததன்று. சிறுகுடலின் சுவரைக் கடக்கையில் சோடியமும் குளுக்கோஸும் ஒன்றையொன்று துணைக்கொண்டே உட்செல்கின்றன. அவற்றைப் பின்தொடர்ந்து நீர் செல்கிறது. ஆகையால் கரைசலில் குளுக்கோஸ் குறைந்தபட்சம் சோடியத்துக்குச் சமமாகவேனும் இருக்கவேண்டும் என்ற விதியை வைத்தே இந்தச் சூத்திரம் வகுக்கப்பட்டது. உடல் கிராமைப் பார்ப்பதில்லை; எத்தனை துகள் என்றே பார்க்கிறது. 1971-இல் வங்காளதேச யுத்தத்தின்போது, எல்லையோரத்து பொங்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவி, நரம்பு வழியாகச் செலுத்தும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் சோடா உப்பும் கலந்த கரைசலைப் பீப்பாய்களில் நிறைத்து நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த மரணம் நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. முதற்பாடத்தில் நீங்கள் அஞ்சுகிற அதே வகுத்தல்தான் அந்தப் பீப்பாய்களிலும் இருந்தது.

அப்பொட்டலத்தில் இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். ‘ஒரு லிட்டர்’ என்ற சொற்களைப் படிக்காமல், பொட்டலம் முழுவதையும் 200 மில்லிலிட்டர் பிடிக்கும் ஒரு தம்ளரில் கொட்டிக் கலக்கிவிட்டால், செறிவு ஐந்து மடங்காகிச் சோடியம் லிட்டருக்கு 375 மில்லிமோல் ஆகிவிடும். மனித ரத்தத்தில் அது ஏறத்தாழ 140. நீர் வற்றிய கைக்குழந்தைக்கு அந்தத் தம்ளரைப் புகட்டினால் என்ன நேரும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. பொருளும் சரி, எடையும் சரி. பிழை முழுவதும் ‘ஒரு லிட்டருக்கு’ என்ற பகுதியைப் படிக்காததில் இருக்கிறது. ஒரு லிட்டருக்கு 75 மில்லிமோல் என்பதில் 75-க்கு எவ்வளவு மதிப்பு உண்டோ, ‘ஒரு லிட்டருக்கு’ என்பதற்கும் அவ்வளவு மதிப்பு உண்டு.

மோல் என்பதைப் பற்றிச் சிறிது சொல்லுகிறேன். சம வெப்பநிலையிலும் சம அழுத்தத்திலும் உள்ள வாயுக்களைச் சம கனஅளவில் எடுத்துக்கொண்டால் அவற்றில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமமாகவே இருக்கும் என்று இத்தாலிய அறிஞர் அவகாட்ரோ 1811-இல் வெளியிட்ட கருத்தை, அவர் 1856-இல் மறையும்வரை ரசாயன உலகம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் கூடிய மாநாட்டில் அவருடைய நாட்டினரான கன்னிஸாரோ அதை எடுத்துரைத்து வாதாடிய பின்னரே அணுநிறைகளைப் பற்றிய குழப்பம் தீரத் தொடங்கியது. ஒரு மோலில் அடங்கிய துகள்களின் எண்ணிக்கைக்குப் பிரெஞ்சு விஞ்ஞானி ஜான் பெரின் 1909-இல் அவகாட்ரோவின் பெயரைச் சூட்டினார். கார்பன்-12 என்னும் ஐசோடோப்பின் 12 கிராமில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்று முன்பு வரையறுக்கப்பட்டிருந்த மோல், 2019 மே 20 முதல், மிகச் சரியாக 6.02214076 × 10²³ துகள்கள் என்று நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. இத்தனை பெரிய எண்ணைக் கண்டு மலைக்கவேண்டாம். நம் வீடுகளில் தங்கத்தைப் பவுன் கணக்கில் பேசுகிறோம்; ஒரு பவுன் 8 கிராம். அது 22 காரட் ஆனால், 24-இல் 22 பங்கு, அதாவது 7.33 கிராம், தூய தங்கம். தங்கத்தின் மோலார் நிறை 197 கிராம். ஆகவே ஒரு பவுனில் 0.0372 மோல் தங்கம், அல்லது 2.24 × 10²² தங்க அணுக்கள் இருக்கின்றன. அதே 8 கிராம் எடையுள்ள அலுமினியத்தை எடுத்தால், அதன் மோலார் நிறை 27 கிராமே ஆதலால், அணுக்களின் எண்ணிக்கை அதைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்காக இருக்கும். தராசு சமம் என்று சொல்லும் இரண்டு பொருள்களை வேதியியல் சமம் என்று ஏற்பதில்லை.

இனி நான் சொல்லவந்த பழக்கத்துக்கு வருகிறேன். உங்கள் ஆய்வகத்தில் பெர்மாங்கனேட்டைத் தரம் பார்ப்பதற்காக 250 மில்லிலிட்டர் 0.05 மோலார் ஆக்சாலிக் அமிலம் தயாரிக்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை கிராம் நிறுக்கவேண்டும் என்று கேட்டவுடன், நினைவில் உள்ள சூத்திரம் ஒன்றைத் தேடி, அதில் எண்களைப் போட்டு, வந்த விடைக்குக் கடைசியில் ‘கிராம்’ என்று ஒட்டவைப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. அதற்குப் பதிலாகக் கேட்கப்பட்ட அளவை அலகோடு எழுதி, தெரிந்த உண்மைகள் ஒவ்வொன்றையும் அலகோடு கூடிய பின்னமாக அதன் பக்கத்தில் வைத்துப் பெருக்கிப் பாருங்கள்:

250 மி.லி. × (1 லிட்டர் / 1000 மி.லி.) × (0.05 மோல் / 1 லிட்டர்) × (126 கிராம் / 1 மோல்) = 1.575 கிராம்

மேலே உள்ள மில்லிலிட்டர் கீழே உள்ள மில்லிலிட்டரோடு அடிபடுகிறது. லிட்டர் லிட்டரோடு அடிபடுகிறது. மோலும் அவ்வாறே நீங்கிவிட, கேட்கப்பட்ட கிராம் ஒன்றுதான் எஞ்சி நிற்கிறது. ஆயிரம் மில்லிலிட்டரும் ஒரு லிட்டரும் ஒன்றேயாதலால், அந்தப் பின்னத்தின் மதிப்பு ஒன்று. ஒன்றால் பெருக்கினால் எந்த அளவும் மாறுவதில்லை, அதைச் சொல்லும் அலகு மட்டும் மாறுகிறது. அலகு மாற்றம் என்னும் விஷயத்தின் தத்துவம் முழுவதும் இவ்வளவே. கடைசிப் பின்னத்தைத் தலைகீழாக எழுதிவிட்டால், விடையில் ‘மோலின் வர்க்கத்தைக் கிராமால் வகுத்தது’ என்று அர்த்தமற்ற ஓர் அலகு வந்து நின்று, பிழை எங்கே என்பதை ஆசிரியர் சொல்லாமலே காட்டிக்கொடுக்கும். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவனுக்கு இந்தத் துணை கிடையாது. பெருக்கவேண்டிய இடத்தில் வகுத்தாலும் அவனுக்கு ஏதோ ஓர் எண் வந்துவிடுகிறது.

126 என்ற அந்த எண்ணையும் உற்று நோக்குங்கள். ஆக்சாலிக் அமிலத்தின் மூலக்கூறு நிறை 90. ஆனால் புட்டியில் உள்ள படிகம் ஒவ்வொரு மூலக்கூறுடனும் இரண்டு நீர் மூலக்கூறுகளைச் சேர்த்து வைத்திருப்பதால் 126 ஆகிறது. படிகநீரை மறந்து 90 என்று போட்டவர் 1.125 கிராம்தான் நிறுப்பார். அவருடைய கரைசல் 0.05-க்குப் பதில் 0.036 மோலாராக இருக்கும். பின்பு அதில் 20 மி.லி. எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, அறுபது எழுபது டிகிரிக்குச் சூடாக்கி, பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, முதற்சில துளிகளின் ஊதா நிறம் போகத் தயங்கிப் பிறகு விரைந்து மறைவதும், முடிவில் ஒரு துளியில் இளஞ்சிவப்பு நிலைத்து நிற்பதும் எல்லோருக்கும் போலவே அவருக்கும் நிகழும். கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. 20 மி.லி. வரவேண்டிய பெர்மாங்கனேட் 14.3 மி.லி.-யிலேயே முடிந்துவிட, அதன் செறிவு இருப்பதைவிட ஒன்றேகால் மடங்குக்கும் மேலாக அவர் குறிப்பேட்டில் ஏறிவிடும். ஆகவே ‘126 கிராம் / 1 மோல்’ என்பதோடு நில்லாமல், எந்தப் பொருளின் மோல் என்பதையும், படிகநீரோடா நீரின்றியா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அலகு என்று நான் சொல்வது இந்த முழு விவரத்தையும்தான்.

பரீட்சையில் அரை மதிப்பெண் போவதற்காகவா இத்தனை கண்டிப்பு என்று உங்களுக்குத் தோன்றலாம். 1983 ஜூலை 23 அன்று கனடாவில் மாண்ட்ரியாலிலிருந்து புறப்பட்டு ஒட்டாவா வழியாக எட்மண்டன் செல்லவிருந்த போயிங் 767 விமானம் ஒன்றுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். எரிபொருள் அளவுமானி பழுதாகியிருந்தபடியால், தொட்டியில் உள்ளதை அளவுகோலால் அளந்து 7,682 லிட்டர் என்று கண்டார்கள். பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோகிராம். லிட்டரை எடையாக மாற்ற அடர்த்தி வேண்டுமல்லவா? அவர்கள் கையில் இருந்த தாளில் 1.77 என்று இருந்தது, அதனால் பெருக்கினார்கள், 13,597 என்று வந்தது, மீதிக்கு ஏற்ப 4,900 சொச்சம் லிட்டர் நிரப்பிக்கொண்டு கிளம்பினார்கள். 1.77 என்பது ஒரு லிட்டரின் எடை பவுண்டில். கிலோகிராமில் அது 0.8. ஆகவே விமானத்தில் இருந்தது 22,300 பவுண்டு, வேண்டியதில் பாதிக்கும் குறைவு. நாற்பத்தோராயிரம் அடி உயரத்தில் இரண்டு இயந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. விமானி ராபர்ட் பியர்சன் இயந்திரமற்ற கிளைடர் விமானங்களை ஓட்டிப் பழகியவராதலால், கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட பழைய விமானத்தளம் ஒன்றில் அதை மிதக்கவிட்டே இறக்கி, அதிலிருந்த 69 பேரையும் உயிரோடு காப்பாற்றினார். பெருக்கலைப் பலர் சரிபார்த்தார்கள். பெருக்கல் சரியாகவே இருந்தது. ‘1.77 பவுண்டு / 1 லிட்டர்’ என்று எவரேனும் ஒருவர் முழுமையாக எழுதியிருந்தால், விடை பவுண்டில் வந்திருக்கிறது என்பது காகிதத்திலேயே தெரிந்திருக்கும்.

அடர்த்தி என்பது கனஅளவிலிருந்து நிறைக்குப் போகும் வழி. மோலார் நிறை என்பது நிறையிலிருந்து மோலுக்குப் போகும் வழி. இந்த இரண்டையும் அறிந்துகொண்டால் செறிவுக் கணக்குகள் யாவும் எளிதாகிவிடும். ஆய்வகத்தில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புட்டியின் மேல் ‘37 சதவீதம், அடர்த்தி 1.19’ என்று இருக்கும். மோலாரிட்டி பெரும்பாலும் இராது. ஒரு லிட்டர் அமிலத்தின் நிறை 1,190 கிராம், அதில் 37 சதவீதம் 440 கிராம், அதை 36.5-ஆல் வகுத்தால் 12 மோல். ஒரு மோலார் கரைசல் ஒரு லிட்டர் வேண்டுமானால் அதில் 83 மி.லி. போதும். (அந்த 83 மி.லி. அமிலத்தை நீரில் ஊற்றவேண்டுமேயன்றி, அமிலத்தின்மேல் நீரை ஊற்றலாகாது. இதைக் கணக்கோடு சேர்த்தே மனத்தில் வையுங்கள்.)

நார்மாலிட்டியைப் பற்றி என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லுகிறேன். நம் ஆய்வகங்களில் அது இன்னும் வழக்கில் இருப்பதால் நீங்கள் கற்கத்தான் வேண்டும். ஆயினும் மோலாரிட்டியை நன்கு கற்றபின் அதைக் கற்பதே முறை. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மோலார் நிறை எங்கும் 158 கிராம்தான். ஆனால் அதன் சமான நிறை அமில ஊடகத்தில் 158-இல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 31.6, நடுநிலை ஊடகத்தில் மூன்றில் ஒரு பங்கு, 52.67. வினை மாறினால் நார்மாலிட்டியும் மாறிவிடும். ஆகவே எந்த வினைக்கு என்று சொல்லாமல் புட்டியின்மேல் 0.1 நார்மல் என்று மட்டும் எழுதிவைப்பது பாதிச் செய்தி. ‘வி-ஒன்று என்-ஒன்று, வி-இரண்டு என்-இரண்டு’ என்று மந்திரம்போல் ஒப்பிப்பவரைச் சமன்படுத்திய சமன்பாட்டைக் கொண்டு மோல் வழியாக அதே கணக்கைச் செய்து காட்டச் சொன்னால் பலர் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வழியிலும் செய்து ஒரே விடை வருகிறதா என்று பார்ப்பதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை.

வாயுக் கணக்குகளில் வெப்பநிலையைக் கெல்வினில் எழுதவேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்பதைச் சிந்தித்தவர் சிலரே. 27 டிகிரி செல்சியஸில் உள்ள வாயுவின் கனஅளவை, அழுத்தம் மாறாமல், இரட்டிப்பாக்க 54 டிகிரிக்குச் சூடாக்கினால் போதாது. செல்சியஸின் சுழி பனிக்கட்டி உருகும் நிலை. வாயுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 27 டிகிரி என்பது 300 கெல்வின். இரட்டிப்பு 600 கெல்வின், அதாவது 327 டிகிரி. வாயு மாறிலியை ஓரிடத்தில் 0.0821 என்றும் மற்றோரிடத்தில் 8.314 என்றும் படித்துக் குழம்புகிறவர்கள், முன்னதன் அலகில் லிட்டரும் வளிமண்டல அழுத்தமும் இருப்பதையும், பின்னதில் ஜூல் இருப்பதையும் பார்த்தால் இரண்டும் ஒன்றே என்பதை உணர்வார்கள். ஒரு மோல் வாயுவின் கனஅளவு 22.4 லிட்டர் என்பதும் 22.7 லிட்டர் என்பதும் அவ்வாறே: முன்னது ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு, பின்னது ஒரு பார் அழுத்தத்துக்கு. எந்த நிபந்தனை என்று கேளாமல் 22.4 என்று எழுதும் கையைச் சற்று நிறுத்திப் பழகுங்கள்.

கன அலகுகளிலும் நிதானம் வேண்டும். ஒரு மீட்டர் 100 சென்டிமீட்டர். ஒரு கனமீட்டர் 100 கனசென்டிமீட்டர் அன்று, பத்து லட்சம். கணிப்பான் காட்டும் பத்து இலக்கங்களையும் அப்படியே எடுத்தெழுதுவதும் தகாது, 0.1 மி.லி. பிரிவுகளைக் கொண்ட பியூரெட்டில் அளந்தவர் விடையைப் பத்தாயிரத்தில் ஒரு பங்குவரை அறிந்ததாகச் சொல்ல உரிமையற்றவர்.

லண்டனில் வாழும் உறவினர் ஒருவர் தொலைபேசியில் ‘எனக்குச் சர்க்கரை ஐந்து’ என்றால், இங்கே தொண்ணூறு, நூறு என்று கேட்டுப் பழகிய உங்கள் பாட்டி திடுக்கிடக்கூடும். அங்கே லிட்டருக்கு மில்லிமோல்; இங்கே டெசிலிட்டருக்கு மில்லிகிராம். குளுக்கோஸின் 180-ஐ வைத்துக்கொண்டு ஐந்து என்பது தொண்ணூறுதான் என்று பாட்டிக்குக் கணக்கிட்டுக் காட்டுங்கள். அந்த வேலை உங்களால் இப்போதே ஆகும்.

இன்று மாலை செய்வதற்கு ஒரு கணக்கைத் தந்து முடிக்கிறேன். 2002-க்கு முன்பு வழங்கிய ஓ.ஆர்.எஸ். சூத்திரத்தில், ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 3.5 கிராமும் நீரற்ற குளுக்கோஸ் 20 கிராமும் இருந்தன. பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம் என்ற மற்ற இரண்டும் இன்றைய அளவே. சோடியம், பொட்டாசியம், குளோரைடு, சிட்ரேட், குளுக்கோஸ் ஆகிய ஐந்தையும் மில்லிமோலாக்கிக் கூட்டுங்கள். ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதுங்கள். மொத்தம் ஏறத்தாழ 311 வரவேண்டும். இன்றைய சூத்திரத்துக்கு அது 245. கரைசலின் செறிவை ஏன் குறைத்தார்கள் என்ற கேள்வியை உயிரியல் ஆசிரியரிடம் கொண்டுபோங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன்